இன்ஸ்பெக்டர் எத்தனை தாணு?

தராசின் ஒரு தட்டில் தாணு உட்கார்ந்திருந்தான். மறு தட்டில் ஒரு பூசணிக்காயும் இரண்டு வெள்ளரிக்காயும் இருந்தன. தாணு பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. இன்னொரு வெள்ளரிக்காய் வைப்பதா, அல்லது தாணுவின் இடுப்புத் தாயத்தைக் கழற்றிவிடுவதா என்று பிள்ளைகளுக்குள் பெரிய வழக்கு. அந்த நேரத்தில்தான் வகுப்பு வாசலில் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்து நின்றார்.

தலைப்பாகை, கழுத்து மூடிய கோட்டு, கையில் மடக்கிய குடை. மத்தியானத்துக்கு மேல் வரவேண்டியவர், வெயில் ஏறும் முன்பே வந்துவிட்டார். பிள்ளைகள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். தாணு மட்டும் தட்டில் இருந்தபடியே அவரைப் பார்த்துச் சிரித்தான். அப்போது அவனுக்கு மேலே இரண்டு பல், கீழே இரண்டு பல்.

“இந்தப் பிள்ளைக்கு ஆஜர் புஸ்தகத்துல பேர் உண்டா?” என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

அவருக்குப் பின்னால் மூச்சிரைக்க ஓடி வந்த ஹெட்மாஸ்டர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. ஆற்றோடு அடித்துக்கொண்டு போகிறவன் கரையில் நிற்கிறவனைப் பார்க்கிற பார்வை அது.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிற்கவேண்டும். தராசு ஆடிக்கொண்டிருக்கட்டும். தாணு விழமாட்டான். தட்டு தரையிலிருந்து ஒரு சாண் உயரந்தான். பள்ளிக்கூடத்தில் தராசு ஏன் வந்தது, தராசில் குழந்தை ஏன் ஏறியது என்று சொல்லாமல் மேலே போனால் வாசகர்கள் என்னைப் பற்றித் தவறாக நினைப்பார்கள். ஹெட்மாஸ்டர் ஏற்கெனவே நினைத்துவிட்டார்.

உயரத்தால் வந்த உத்தியோகம்

நான் டீச்சர் ஆனதற்குக் காரணம் கல்வி ஆர்வம் அல்ல. என் உயரம்.

நாகர்கோவிலில் அப்பா கோர்ட்டுக் குமாஸ்தா. எனக்குப் பதினாறு வயதிலேயே நிலைப்படியில் குனிந்துதான் நுழையவேண்டும். பெண் பார்க்க வந்தவர்கள் நான் உட்கார்ந்திருக்கும்வரை சந்தோஷமாக இருப்பார்கள். காப்பித் தம்ளரை எடுக்க நான் எழுந்ததும் பேச்சு குறைந்துவிடும். கடைசியாக வந்த மாப்பிள்ளையின் அம்மா என்னை அண்ணாந்து பார்த்துவிட்டு, “இவ வெளக்கேத்தணும்னா குத்துவெளக்கு போராது, கொடிமரந்தான் வேணும்” என்றாள். அப்பா மறுவாரமே என்னை ஆசிரியப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டார்.

அங்கே எங்களுக்குக் குழந்தை வகுப்புப் பாடம் நடத்திய அம்மாள் ஒரு விஷயத்தை நாள்தோறும் சொன்னார். சின்னப் பிள்ளைகளுக்கு விளையாட்டுதான் பாடம், அதை டீச்சர் முன்கூட்டி யோசித்து வைக்கவேண்டும், பிறகு ஓரமாக உட்கார்ந்து கவனிக்கவேண்டும், கவனித்ததை அன்றைக்கே எழுதிவைக்கவேண்டும். எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. நான் படித்தபோது திண்ணைப் பள்ளிக்கூடத்து அண்ணாவி எங்கள் விரலைப் பிடித்து மணலில் தேய்த்த தேய்ப்பில் ‘அ’னா வருவதற்குள் நகம் போய்விடும். விளையாடினால் தொடையில் நுள்ளு. அதே விளையாட்டுக்கு இப்போது சம்பளமா என்று நினைத்துக்கொண்டேன்.

பூட்டி வைத்த பாடம்

எனக்கு வேலை கிடைத்தது தோவாளையில். ஓலைக் கூரை போட்ட நீளக் கொட்டகை. கடைசித் தடுப்பில் என் குழந்தை வகுப்பு. முதல் வாரத்தில் உத்தரத்தில் தினமும் தலையை இடித்துக்கொண்டேன். இடிக்கும்போதெல்லாம் பிள்ளைகள் சேர்ந்து ஒன்று, இரண்டு என்று எண்ணினார்கள். அந்த வகுப்பு எண்ணிக்கை கற்றது அப்படித்தான்.

ஹெட்மாஸ்டர் சிவதாணு பிள்ளை மெலிந்த மனிதர், நல்லவர். குரலை உயர்த்தத் தெரியாது. மத்தியானக் கஞ்சிக்குப் பிறகு நாற்காலியைச் சுவரோடு சாய்த்து ஓர் உறக்கம், அதற்குப் பிறகு ஒரு சிட்டிகைப் பொடி, இவ்வளவுதான் அவருடைய சுகங்கள். ஆனால் பள்ளிக்கூடத்துச் சாமான் இருப்புப் புத்தகம் என்றால் அவருக்கு உயிர். ஒரு சாமான் அதில் ஏறிவிட்டால் அது தொலையக்கூடாது, உடையக்கூடாது, தேயவும் கூடாது.

என் வகுப்புக்கென்று ஒரு பெட்டி நிறைய வர்ண மரக்கட்டைகள் வந்திருந்தன. உருளை, சதுரம், முக்கோணம் எல்லாம் உண்டு. அதை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார். பிள்ளைகள் கை பட்டால் வர்ணம் போய்விடுமாம். வெள்ளிக்கிழமைதோறும் பெட்டியைத் திறந்து காட்டுவார். பிள்ளைகள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசையாக வந்து தரிசனம் செய்துவிட்டுப் போவார்கள். ஒரு பயல் கன்னத்தில் போட்டுக்கொள்ளவும் செய்தான்.

ஆகவே நான் வெளியே கிடைத்ததை வைத்து விளையாட்டு நடத்தினேன். புளியங்கொட்டை, சிரட்டை, மணல், பூச்சந்தையில் கழித்துப் போட்ட அரளியும் வாடாமல்லியும். முற்றத்தில் கிடந்த பனந்தடியின் குறுக்கே ஒரு பழைய கதவுப் பலகையைப் போட்டேன். இந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்தால் அந்தப் பக்கம் இருப்பவர் மேலே எழும்புவார். தடியும் பலகையும் இருப்புப் புத்தகத்தில் ஏறாதவை. அதனால் ஹெட்மாஸ்டருக்கு ஆட்சேபம் இல்லை.

“யாருடைய விருப்பம்?”

அவருக்கு ஆட்சேபம் வந்தது என் திட்டப் புத்தகத்தில்தான்.

அடுத்த வாரத்து வேலையை வெள்ளிக்கிழமை சாயங்காலமே எழுதி அவரிடம் கொடுக்கவேண்டும். இடது பக்கத்தில் திட்டம்: நேரம், பாடம், நோக்கம். வலது பக்கத்தில் நடந்தது. நான் முதல் வாரத்தில், ‘பத்து மணி முதல் பத்தரை வரை விருப்ப விளையாட்டு’ என்று எழுதினேன். பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்வி வந்தது: ‘யாருடைய விருப்பம்?’

‘பிள்ளைகளுடையது’ என்று எழுதினேன்.

‘அது முன்கூட்டித் தெரியுமா?’

‘தெரியாது.’

‘தெரியாததைத் திட்டத்தில் எழுதலாகாது.’

இப்படி ஒரே கொட்டகையில் இருபதடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு நாங்கள் இருவரும் ஓரத்தில் எழுதி எழுதியே சண்டை போட்டோம். நேரில் பார்த்தால் இருவரும் கும்பிட்டுக்கொள்வோம்.

பிள்ளைகளோ திட்டத்தை மதிக்கவே இல்லை. ‘மணலில் வட்டமும் சதுரமும் செய்தல்’ என்று எழுதியிருந்த ஒரு திங்கட்கிழமை, முற்றத்தில் ஒரு காக்கை செத்துக் கிடந்தது. அவ்வளவுதான். மணலில் குழி வந்தது, பூ வந்தது, சங்கு ஊத ஒரு பயல் வந்தான், மாரடித்து அழ நாலு பேர் வந்தார்கள். எடுத்த காரியம் முடிந்ததும் எல்லாரும் வரிசையாகப் போய்க் கைகால் கழுவினார்கள். வரிசை, எண்ணிக்கை, பாட்டு, சுத்தம் என்று நான் நினைத்திருந்தவை அத்தனையும் அந்த ஒரு சாவில் இருந்தன. சதுரத்தைத் தவிர. பிறகு குழியின் வடிவத்தைப் பார்த்தேன், அதுவும் இருந்தது.

அன்று வலது பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதினேன். எழுதும்போதுதான் ஒன்று புரிந்தது. இன்று நடந்ததை எழுதினால்தான் நாளைக்கு என்ன வேண்டும் என்று தெரிகிறது. மறுநாளுக்கு ஊர்வலப் பாட்டும் எண்ணும் என்று திட்டத்தை மாற்றி, ஹெட்மாஸ்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் பொறுமையாகச் சொன்னார்.

“டீச்சர், புஸ்தகத்துல நாளைக்குள்ளத இன்னைக்கே எழுதணும். நேத்து நடந்தத வச்சு எழுதுனா அதுக்குப் பேரு சரித்திரம். அது அஞ்சாம் கிளாசுக்குத்தான் உண்டு.”

ஆனாலும் கையெழுத்துப் போட்டார். இடது பக்கத்தைத்தான் அவர் வரி வரியாக வாசிப்பார். வலது பக்கத்தை வாசிப்பதே இல்லை. நடந்து முடிந்ததைப் படித்து என்ன செய்ய என்பார். இதை வாசகர்கள் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும்.

இடுப்பில் வந்தவர்கள்

தோவாளையில் பூ பறிப்பது விடியுமுன் நடக்கிற வேலை. அம்மாமார் பிச்சிப்பூக் காட்டுக்குப் போய்விட்டால் கைக்குழந்தையைப் பார்ப்பது யார்? மூத்த பிள்ளை. மூத்த பிள்ளைக்கு வயது ஐந்து. அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் வரவேண்டுமென்றால் குழந்தையையும் இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் வரமுடியும்.

இப்படித்தான் இசக்கியம்மை வந்தாள். அவளுடைய உயரத்தில் பாதி இருந்தான் தம்பி. அவனைப் பாயில் இறக்கிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, இனி பாடத்தை ஆரம்பிக்கலாம் என்பதுபோல என்னைப் பார்ப்பாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் கொண்டுவந்தார்கள். வகுப்பில் ஒரு பாதி ஆஜர் உள்ளது, ஒரு பாதி ஆஜர் இல்லாதது என்று ஆயிற்று.

இசக்கியம்மையின் தம்பி பெயர் தாணு. சுசீந்திரத்துச் சாமி தாணுமாலயன் அல்லவா. எங்கள் பக்கத்தில் எந்தத் தெருவில் நின்று “ஏலே தாணு” என்று கூப்பிட்டாலும், கிழவர் முதல் கைக்குழந்தை வரை நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். சிவதாணு பிள்ளையும் ஊராருக்குத் தாணு சார்தான்.

ஆஜர் இல்லாவிட்டாலும் தாணு கற்றுக்கொண்டிருந்தான். அவனைப் பற்றியும் நான் வலது பக்கத்தில் எழுதினேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஆவணி பிறந்தபோது சந்தை விளையாட்டு ஆரம்பித்தேன். சிரட்டையில் கயிறு கட்டித் தராசு, எடைக்குப் புளியங்கொட்டை. கனம் எது, லேசு எது என்று பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது நோக்கம். இரண்டே நாளில் பூ, இலை, கல், என் மூக்குக்கண்ணாடிக்கூடு எல்லாவற்றையும் நிறுத்து முடித்துவிட்டார்கள். மூன்றாம் நாள் இசக்கியம்மை, தாணுவை நிறுக்கலாமா என்று கேட்டாள். சிரட்டையில் அவன் கால் கூட நுழையாது. அவள் அம்மா கோமதி சந்தையில் சொல்லி, பூ நிறுக்கிற பழைய பிரம்புத் தராசு ஒன்றை வாங்கித் தந்தாள். அதை உத்தரத்தில் தாழக் கட்டினோம்.

அன்றுமுதல் வகுப்பில் ராத்தலும் இல்லை, துலாமும் இல்லை. எல்லாவற்றுக்கும் தாணுதான் அளவு. பூசணிக்காய் அரைத் தாணு. தண்ணீர்க் குடம் ஒன்றரைத் தாணு.

ஓணத்துக்கு முந்தின வாரம்

இன்ஸ்பெக்டர் வரப்போகிறார் என்று கடிதம் வந்ததும் ஹெட்மாஸ்டருக்குக் கஞ்சி இறங்கவில்லை. ஆஜர் இல்லாத குழந்தைகளை வகுப்பில் வைத்திருப்பது விதிக்கு விரோதம், பார்த்தால் குழந்தை வகுப்பையே எடுத்துவிடுவார்கள் என்றார். குழந்தைகளை நிறுத்தினால் அக்காமாரும் நின்றுவிடுவார்கள், அப்போதும் வகுப்பு இருக்காது என்றேன். அந்த ஒரு நாள் மட்டும் இடுப்புக் குழந்தைகள் வரக்கூடாது என்று கடைசியில் முடிவாயிற்று. வகுப்பு போனால் நான் நாகர்கோவிலுக்குத் திரும்பவேண்டும், மறுபடியும் காப்பித் தம்ளர் எடுக்கவேண்டும். நானும் ஒப்புக்கொண்டேன்.

ஆனால் இன்ஸ்பெக்டர் குறித்த நாள் ஓணத்துக்கு முந்தின வாரம். தோவாளையில் அந்த வாரம் செத்தவனைக்கூடத் தூக்க ஆள் கிடைக்காது. மலையாளத்துக்குப் பூ வண்டி வண்டியாகப் போகும். பூப் பறிக்கத் தெரிந்த பெரியவர்கள் அத்தனை பேரும் பூக்காட்டில் இருப்பார்கள். அன்று காலையில் கோமதி ஓடி வந்து தாணுவை என் கையில் வைத்தாள். “டீச்சரம்மா, நான் என்ன செய்யதுக்கு? காட்டுல பாம்பு கெடக்கு, அங்க கொண்டுபோவ முடியாது” என்றாள். பதில் சொல்லுமுன் போய்விட்டாள். அவளுக்குப் பின்னால் மற்ற வீட்டுக் குழந்தைகளும் வந்து சேர்ந்தன. சாதாரணமாக வராத குழந்தைகள்கூட வந்தன.

மத்தியானத்துக்குள் அவர்களைப் பின்பக்கத்துக் கொட்டிலில் உறங்கவைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். இன்ஸ்பெக்டர் காலையிலேயே வந்துவிட்டார்.

ஒருமையும் பன்மையும்

இனித் தராசுக்கு வரலாம்.

ஆஜர் இல்லை என்று ஹெட்மாஸ்டர் மெல்லச் சொன்னார். இன்ஸ்பெக்டர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. விளையாட்டு உபகரணம் இருக்குமே, அதைக் காட்டும் என்றார். ஹெட்மாஸ்டர் ஓடிப்போய் மரக்கட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து திறந்தார். பிள்ளைகள் உடனே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். எடுத்து விளையாடுங்கள் என்றார் இன்ஸ்பெக்டர். ஒருவரும் அசையவில்லை. அந்தப் பயல் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

அடுத்ததாகத் திட்டப் புத்தகத்தைக் கேட்டார். இடது பக்கத்தில் அன்றைக்கு ‘புளியங்கொட்டையால் நிறுத்தல்’ என்று இருந்தது. தராசில் இருந்த தாணுவைப் பார்த்தார். பிறகு வலது பக்கத்தை வாசிக்க ஆரம்பித்தார். வாசிக்க வாசிக்க அவர் புருவம் தலைப்பாகைக்குள் ஏறியது. ஓர் இடத்தில் நிறுத்தி, உரக்கப் படித்தார்.

“‘தாணு இன்று காலை முழுவதும் சுவரில் சாய்ந்து உறங்கினான்.’”

ஹெட்மாஸ்டர் வெளுத்துப் போனார்.

“‘தாணு கிடைத்ததையெல்லாம் வாயில் போடுகிறான். புளியங்கொட்டையை விரல் விட்டு எடுக்க வேண்டியிருந்தது. தாணு முதல் தடவையாகத் தானே எழுந்து நின்றான். இரண்டு எட்டு வைத்தான். விழுந்தான். அழவில்லை. வகுப்பு முழுவதும் கை தட்டியது.’”

இன்ஸ்பெக்டர் புத்தகத்தை மூடிவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: “டீச்சர், குறை எழுதுகதுக்கு உமக்கு உரிமை உண்டு. ஆனா ஒரு தலைமை ஆசிரியரை ஒருமையில எழுதப்பிடாது.”

சிரிப்பை அடக்கினால் கண்ணீர் வரும் என்று அன்றுதான் தெரிந்தது. ஹெட்மாஸ்டர்தான் விரலால் தராசைக் காட்டினார்.

“சார், நான் இல்ல. அந்தத் தாணு.”

இன்ஸ்பெக்டர் தாணுவைப் பார்த்தார். ஹெட்மாஸ்டரைப் பார்த்தார். மறுபடியும் புத்தகத்தைத் திறந்து, இரண்டு எட்டு வைத்து விழுந்த இடத்தைத் தனக்குள் வாசித்துப் பார்த்தார். மீசை ஒருதரம் துடித்தது. உடனே குடையை எடுத்து முகத்தருகே வைத்து இருமினார். நெடுநேரம் இருமினார்.

இருமல் அடங்குவதற்குள் இசக்கியம்மை அவர் முன்னால் போய் நின்றாள். அவள் ரொம்ப நேரமாக அவருடைய தொந்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சார் எத்தன தாணு இருப்பிய?”

நான் அவளை இழுக்கப் போனேன். இன்ஸ்பெக்டர் கையால் தடுத்தார். தாணுவைத் தட்டிலிருந்து தூக்கி, ஏந்திப் பார்த்து, யோசித்து, “ஒரு எட்டு தாணு இருப்பேன் மக்கா” என்றார்.

“நிறுத்துப் பாக்காம சொல்லப்பிடாது” என்றாள் அவள்.

நான் ஒருநாளும் அதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. இன்ஸ்பெக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். தராசு தாங்காதே என்று அவளிடம் சொன்னார். அவள் முற்றத்தைக் காட்டினாள்.

கோட்டுப் போட்ட ஒரு சர்க்கார் உத்தியோகஸ்தர் பனந்தடிப் பலகையில் உட்கார்ந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். மறுபக்கத்தில் இரண்டு பிள்ளைகள் ஏறினார்கள், பலகை அசையவில்லை. மூன்றாவது ஏறியபோது ஒருவன் வழுக்கி விழுந்தான். இன்ஸ்பெக்டர் பிள்ளைகளை இறங்கச் சொல்லிவிட்டுச் சுற்றிலும் பார்த்தார். “சிவதாணு பிள்ளை, நீரு அங்க இரும்” என்றார்.

ஹெட்மாஸ்டர் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்தார். பலகை மெல்ல அசைந்து பாதியில் நின்றது. இன்ஸ்பெக்டர் பக்கம் இன்னும் தாழ்வுதான். இசக்கியம்மை தம்பியைத் தூக்கிக்கொண்டு போய் ஹெட்மாஸ்டர் மடியில் வைத்தாள். இரண்டு பக்கமும் சமமாக நின்றது. காலும் தரையில் படாமல், குழந்தையையும் விடமுடியாமல் ஹெட்மாஸ்டர் அந்தரத்தில் இருந்தார்.

“ஒரு பெரிய தாணு, ஒரு சின்னத் தாணு” என்று இசக்கியம்மை கணக்கை முடித்தாள்.

அன்றைய வலது பக்கத்தில் நான் அதை அப்படியே எழுதினேன், பெரியவருக்கு மட்டும் பன்மை போட்டு.

பார்வைக் குறிப்பு

போகும்முன் இன்ஸ்பெக்டர் பள்ளிக்கூடத்துப் பார்வைப் புத்தகத்தில் வெகுநேரம் எழுதினார். ஆஜர் இல்லாத குழந்தைகளை வகுப்பில் சேர்க்க விதியில் இடமில்லை, இருப்பதாக எழுத அவருக்கும் அதிகாரமில்லை. அவர் எழுதியது இதுதான்: ‘குழந்தை வகுப்பு நன்கு நடைபெறுகிறது. திட்டமும் நடந்ததும் ஒன்றல்ல எனினும், நடந்தது திட்டத்தைவிட மேலாக உள்ளது. எடை கற்பிக்கத் தேவையான போதனைச் சாதனங்கள் போதிய அளவில் உள்ளன. அவற்றுள் சில தவழ்கின்றன. அவற்றை அகற்றலாகாது.’

ஹெட்மாஸ்டர் அதை மூன்று நான்கு தடவை வாசித்தார். மேலதிகாரி எழுத்தில் சாதனம் என்று இருந்தால் அது சாதனம். பொடியை உறிஞ்சிவிட்டு, சாமான் இருப்புப் புத்தகத்தை எடுத்தார். மரக்கட்டைப் பெட்டிக்குக் கீழே புது வரி ஒன்று போட்டு, குழந்தைகளின் பெயரை ஒவ்வொன்றாக என்னிடம் கேட்டு எழுதிக்கொண்டார். நிலைமை என்ற பத்தியில் எல்லாவற்றுக்கும் நேராக ‘நல்ல நிலை’ என்று போட்டார்.

சாயங்காலம் கோமதி வந்தாள். விரலெல்லாம் பிச்சிக் காம்பின் கறை. இன்ஸ்பெக்டர் வந்ததும் பிள்ளையைப் பார்த்ததும் அவளுக்கு வழியிலேயே தெரிந்துவிட்டது. வகுப்பு போய்விட்டதா என்று கேட்கத் தைரியமில்லாமல் நடையில் நின்றாள். ஹெட்மாஸ்டர் அவளைக் கூப்பிட்டு, இனி தாணு தினமும் வரலாம், பள்ளிக்கூடத்துச் சாமானாகப் பதிந்தாயிற்று என்று விளக்கமாகச் சொன்னார். அவள் தாணுவை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

“அப்பம் ராத்திரி இவன வீட்டுக்குக் கொண்டு போலாமா சார்?”

சிவதாணு பிள்ளை இருப்புப் புத்தகத்தைத் திறந்து விதியைப் பார்த்தார். மூடினார்.

“கொண்டு போலாம்” என்றார். “காலம்பற இதே நிலையில திருப்பிக் கொண்டாந்து ஏல்பிக்கணும்.”